வேப்பமரத்தடியில் நிற்கிறவர்களுக்கு



ஆராதனை நடக்கும் நேரத்தில் கோயிலுக்குள் வராமல், வண்டிகள் நிறுத்தியிருக்கும் வேப்பமரத்தடியில் நிற்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். மனைவியையும் பிள்ளைகளையும் வாசலில் இறக்கிவிட்டு, ஆசீர்வாதம் சொல்லி முடிகிறவரை பைக் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள். உள்ளே வந்தாலும் தூணுக்குப் பின்னால் கடைசி பெஞ்சில் இடம் பிடித்து, திருவிருந்துக்கு அழைக்கும் முன்பே எழுந்து போய்விடுகிறவர்கள். ஒரு காலத்தில் பாடகர் குழுவில் நின்றவர்கள், ஞாயிறு பள்ளியில் கதை சொன்னவர்கள், வாலிபர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர்கள் உங்களில் உண்டு. கோவையில் மட்டுமில்லை, திருப்பூரில், ஈரோட்டில், தாராபுரத்தில், எந்தச் சபைக்குப் போனாலும் அந்த மரத்தடியில் நாலு பேரைப் பார்க்கிறேன். உங்களை எனக்குத் தெரியும். ஆறு வருடம் நானும் அங்கேதான் நின்றேன்.

கணபதியில் நாலு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. சபையில் நான் பொருளாளர். ஓர் ஆண்டு அறுப்பின் பண்டிகை ஏலப் பணம் 38,000 ரூபாய் என் வீட்டு பீரோவில் இருந்தது. அந்த ஏலம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். யாரோ வீட்டுக் கூரையில் காய்த்த ஒற்றைப் பூசணிக்காயை இன்னொருவர் 300 ரூபாய்க்குக் கேட்பார். வாங்கியவரே அதைத் திரும்பவும் ஏலத்துக்கு விடுவார். அப்படிச் சிரித்துச் சிரித்துச் சேர்த்த பணம் அது. சனிக்கிழமை வந்தது. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். எனக்கு வர வேண்டிய பில் மூன்று மாதமாக வரவில்லை. பீரோவைத் திறந்தேன். அடுத்த வாரம் வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். அடுத்த வாரமும் சனிக்கிழமை வந்தது.

எடுத்ததைவிட, பிறகு சொன்ன பொய்தான் என்னை அதிகமாக அரித்தது. கமிட்டி கேட்டபோது பேங்கில் கட்டியாயிற்று என்றேன். அதற்கடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னேன். கணக்குப் பார்க்க வந்தவர் பாஸ்புக்கைக் கேட்ட அன்றைக்குத்தான் உண்மை வாயிலிருந்து வந்தது. ஒரு லேத்தை விற்றேன். 14 மாதத்தில் முழுப் பணத்தையும் கட்டினேன். யாரும் போலீஸுக்குப் போகவில்லை. மன்னிக்கப்பட்டது என்று கமிட்டி நோட்டில் எழுதினார்கள். அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் ஒரு வேலையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் செய்திருக்க மாட்டேன். நான் மரத்தடிக்குப் போய்விட்டேன்.

மரத்தடியில் இருந்த காலத்தில் பேதுருவின் கதையை எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. மூன்று தரம் மறுதலித்தான், பிறகு மூன்று தரம் நேசிக்கிறேன் என்றான், எல்லாம் சரியாகிவிட்டது என்பார்கள். அந்தக் கணக்கு எனக்கு ஒட்டவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து நாலு சுவிசேஷத்தையும் திருப்பித் திருப்பிப் படித்தபோதுதான், பிரசங்கங்களில் வேகமாகத் தாண்டிப் போகிற சில இடங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, லூக்கா எழுதியது. கடைசி இராப்போஜனப் பந்தியில், சேவல் கூவுவதற்கு முன்பே நீ என்னை மறுதலிப்பாய் என்று பேதுருவிடம் இயேசு சொல்கிறார். இது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு வசனம் முன்னால் அவர் சொன்னதை நாம் கவனிப்பதில்லை. உன் விசுவாசம் அற்றுப்போகாதபடி உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ திரும்பி வந்த பிறகு உன் சகோதரர்களைத் திடப்படுத்து என்று அங்கே சொல்லிவிடுகிறார். விழப்போவது தெரிந்த அதே மூச்சில் வேலையும் கொடுக்கப்பட்டுவிட்டது. கர்த்தர் என்னைத் தெரியாமல் அழைத்துவிட்டார், தெரிந்திருந்தால் அழைத்திருக்க மாட்டார் என்றுதானே நாம் மரத்தடியில் நின்று நினைக்கிறோம்? அந்த நினைப்புக்கு லூக்காவின் 22ஆம் அதிகாரத்தில் இடமே இல்லை.

இரண்டாவது, அந்த நெருப்பு. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், குளிர் தாங்காமல் வேலைக்காரர்கள் கரிநெருப்புப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தார்கள். பேதுருவும் அவர்களோடு நின்று காய்ந்தான். அங்கேதான் அந்த மனிதனைத் தெரியாது என்றான். பிறகு திபேரியாக் கடற்கரையில், இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல், விடிந்ததும் 153 மீனோடு கரைக்கு வருகிறபோது, அங்கேயும் ஒரு கரிநெருப்பு எரிகிறது. மேலே மீன், பக்கத்தில் அப்பம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கரிநெருப்பு என்ற அந்தச் சொல் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது, இரண்டும் யோவான் எழுதியது. மார்கழிக் குளிரில் தோட்டத்துச் சாளையில் தீக்காய்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் புகை வேட்டியில் ஏறிவிட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. அதே வாடையில் இயேசு பேதுருவை உட்காரவைத்து, முதலில் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேள்வி.

அந்தக் கேள்வியையும் பாருங்கள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. இனிமேல் செய்ய மாட்டாயே என்று சத்தியம் வாங்கவில்லை. நேசிக்கிறாயா என்று மட்டும் கேட்டார். 1950இல் கோவைக்குப் பேராயராக வந்த ஏ. ஜே. அப்பாசாமி, அதற்கு முன்பே, 1927இல், கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் காட்டி ஒரு நூல் எழுதினார். அவர் அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டவை யோவானின் எழுத்துகள். பாளையங்கோட்டையில் பிறந்து மேலைநாட்டில் படித்தவர், கிறிஸ்துவை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல அன்பு என்கிற வழியைத் தேர்ந்துகொண்டார். கடற்கரையில் கேட்கப்பட்ட கேள்வி அந்த வழியில்தான் கேட்கப்பட்டது என்று நான் நம்புகிறேன். பேதுருவிடம் அன்றைக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். வீரம் போய்விட்டது, வாக்கு போய்விட்டது, மற்றவர்களைவிட நான் மேல் என்கிற எண்ணமும் போய்விட்டது. மிச்சம் இருந்ததைப் பற்றித்தான் கேட்டார். இருக்கிறது என்றவுடன் வேலையைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தரம், ஆக மூன்று தரம் கொடுத்தார்.

மன்னித்தேன் என்ற சொல்லே அந்த அதிகாரத்தில் வரவில்லை. ஆடுகளைப் பார்த்துக்கொள் என்பதுதான் வருகிறது. வேலையைத் திரும்பக் கொடுத்ததிலேயே மன்னிப்பு அடங்கிவிட்டது. இந்த மடலில் எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

யூதாசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மரத்தடியில் நிற்கிற காலத்தில் நம்மோடு நிழலாக நிற்பவன் அவன்தான். அவனும் மனம் நொந்தான் என்று மத்தேயு எழுதுகிறார். 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். குற்றமில்லாதவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டும் சொன்னான். யாரிடம் சொன்னான்? ஆசாரியர்களிடம். மக்களின் பாவத்துக்காகப் பலி செலுத்துவதற்கென்றே நியமிக்கப்பட்டவர்களிடம். அது எங்கள் கவலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவன் தனியாகப் போனான். பேதுருவும் அழுதான், ஆனால் அழுத பிறகு மற்றவர்கள் இருந்த வீட்டுக்குப் போனான். மீன் பிடிக்கப் போகிறேன் என்று அவன் கிளம்பியபோதும் ஆறு பேர் கூடவே கிளம்பினார்கள். பாவத்தின் எடையைப் பார்த்தால் இருவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவனுக்குக் கூட ஆள் இருந்தது, இன்னொருவனுக்கு இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. மூப்பர்களே, கமிட்டி உறுப்பினர்களே, இந்த மடல் உங்களுக்கு எழுதப்பட்டதில்லை. ஆனாலும் இந்த ஒரு பத்தியை நீங்கள் படிக்க வேண்டும்.

அவினாசிச் சாலையில் திருப்பூர்ப் பக்கம் போகிறவர்களுக்குக் கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயில் தெரிந்திருக்கும். சோமனூர் விசைத்தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் டெலிவரிக்குப் போகிறபோதெல்லாம் அந்த வளாகத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் உட்காருவேன், ஒரு மனிதருக்காக. மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரர். 1813இல் பிறந்தவர். 1842இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1846 அக்டோபர் 4ஆம் தேதி இந்தக் கருமத்தம்பட்டியில்தான் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அப்போது வயது 32. கோவை மறைப்பணி முழுவதும் அவர் பொறுப்பு.

இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாக வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. ஆனால் சாதி அவரைத் தூங்கவிடவில்லை. சபைக்குள் சாதி வழக்கங்களை எந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கலாம், எது சமூகப் பழக்கம், எது சுவிசேஷத்துக்கு விரோதம் என்று மிஷனரிகளே ஒருவருக்கொருவர் முரண்பட்டு நின்ற காலம். அவர் ரோமிடம் தெளிவான முடிவு கேட்டார். மனசாட்சிக்குப் போதுமான பதில் கிடைக்கவில்லை. இந்தக் குழப்பத்தோடு இந்தப் பொறுப்பில் இருக்க முடியாது என்று ராஜினாமா செய்தார். 1855இல் அது ஏற்கப்பட்டது. 41 வயதில், பதவி இல்லாத ஆயராக, ஊர் திரும்பினார். அது பாவம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் உயிரையே வைத்த வேலை கைவிட்டுப் போனவன் எப்படித் தலைகுனிந்து வீட்டுக்குப் போவான் என்பது லேத்தை விற்ற எனக்குத் தெரியும்.

அவர் வீட்டில் உட்காரவில்லை. ஆப்பிரிக்காவில் யாரும் போகாத இடத்துக்கு என்னை அனுப்புங்கள் என்று கேட்டார். 1856 டிசம்பர் 8ஆம் தேதி, லியோன் நகரத்து மாதா கோயிலில் சில தோழர்களோடு ஆப்பிரிக்க மறைப்பணிச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் விரும்பியது தகோமே. ரோம் அனுப்பியது சியரா லியோன். 1859 மே 14ஆம் தேதி ஃப்ரீடவுனில் இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. ஆறே வாரம். ஜூன் 25ஆம் தேதி இறந்துபோனார். வயது 45. உடன் வந்தவர்களில் பெரும்பாலோரும் அதே நாட்களில் போய்விட்டார்கள். லியோனில் இருந்த அகுஸ்தீன் பிளான்க் என்ற குருவானவர் விடாமல் பிடித்துக்கொண்டதால் சங்கம் நின்றது. இன்றைக்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அது வேலை செய்கிறது, அதில் இந்தியர்களும் இருக்கிறார்கள். 2020 மே மாதம் போப் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

கோவையில் முறிந்துபோன அழைப்பு வேறு கண்டத்தில் துளிர்த்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். எனக்கு அந்த அழகில் முழுச் சம்மதம் இல்லை. ஃப்ரீடவுனில் அவர் சாகக் கிடந்தபோது எதுவும் துளிர்த்திருக்கவில்லை. இரண்டாவது அழைப்பிலும் பலனைக் கண்ணால் பார்க்காமல்தான் போனார். அவரைப் பற்றி நான் எடுத்துக்கொள்வது வேறு. முதல் வேலை போன பிறகும், தன்னை இனி யாருக்கும் வேண்டாதவன் என்று அவர் தீர்மானிக்கவில்லை. பழைய நாற்காலியைத் திருப்பித் தரும்படியும் கேட்கவில்லை.

சாதி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கடற்கரையில் வேலை திரும்பக் கிடைத்த பேதுரு அதன் பிறகு தவறவே இல்லையா? தவறினான். அந்தியோகியாவில் புறஜாதிக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியைவிட்டு எழுந்து தனியாகப் போனான். பவுல் எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியர் நிருபம் இதை மறைக்காமல் சொல்கிறது. தனிப் பந்தி, தனி டம்ளர், தனிக் கல்லறை என்று பார்த்து வளர்ந்த கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அந்த அதிகாரத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பேதுரு அங்கேயும் ஒதுக்கிவிடப்படவில்லை, கண்டிக்கப்பட்டான். பந்தியைவிட்டு எழுந்துபோன குற்றம் ஒரு தனி மனிதனோடு நிற்பதும் இல்லை. முழுச் சபையும் மரத்தடியில் நிற்க வேண்டிய குற்றங்கள் நம்மிடம் உண்டு.

இனி கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த மடலைச் சாக்காக வைத்துக்கொண்டு எவரும் பழைய பதவியைக் கேட்டு வரக்கூடாது. கி.பி. 250இல் பேரரசன் டேசியஸ் காலத்துத் துன்பத்தில், பயந்து ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்ட கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். துன்பம் ஓய்ந்ததும் அவர்களைச் சேர்ப்பதா என்று பெரிய சண்டை. சேர்க்கவே கூடாது என்றார் ரோமில் நொவாசியான். மனந்திரும்புதலைச் சோதித்துச் சேர்க்க வேண்டும் என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். திருச்சபை சிப்ரியான் பக்கம் நின்றது. அதே சிப்ரியான்தான், விழுந்துபோன ஆயர்கள் சபைக்குள் வரலாம், ஆயர் நாற்காலிக்கு வரக்கூடாது என்றும் எழுதினார். கடுமையாகத் தோன்றலாம். எனக்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. பிள்ளைகளிடம் முறைகேடாக நடந்தவன் ஞாயிறு பள்ளிக்குத் திரும்பக் கூடாது, அவன் எவ்வளவு அழுதிருந்தாலும். அவன் போக வேண்டிய முதல் இடம் காவல் நிலையம். அடித்தவன், அடிபட்ட மனைவியிடம் வசனத்தைக் காட்டி மன்னிப்பை உரிமையாகக் கேட்கக் கூடாது. சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்று சொன்னான். காயப்பட்டவர்களைத் தாண்டிக் கடவுளிடம் போகக் குறுக்கு வழி கிடையாது. மன்னிக்கிறவர் அவர்களுடைய கடவுளும்தான். பேதுருவிடமும் என் ஆடுகள் என்றுதான் சொன்னார், உன் ஆடுகள் என்று சொல்லவில்லை.

பணப்பெட்டி இன்றுவரை என் கையில் இல்லை. அது சரி. நான் கேட்கவும் மாட்டேன்.

அப்படியானால் எனக்கு என்ன கிடைத்தது? ஆறாவது வருடம் எங்கள் சபைக்குப் புதிதாக ஒரு போதகர் மாற்றலாகி வந்தார். இரண்டு மாதம் என்னைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் போல. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கி களையாமலே நேரே மரத்தடிக்கு வந்தார்.

“ஏனுங்க தம்பி, சாப்புட்டீங்களா?” என்றார். வீட்டுக்குப் போய்த்தான் என்றேன்.

“வியாழக்கெழம எனக்குத் தொணைக்கு ஒரு ஆள் வேணுங்க. ஜெயில் வாசல்ல மனுப் பாக்க வர்ற சனங்கள்ல பாதிப் பேருக்கு எழுதத் தெரியாதுங்க. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்க.”

என் கையெழுத்தை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

“பழைய கணக்கு நோட்டுல பாத்தேனுங்க.”

எந்த நோட்டு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. வெயிலில் அந்தக் கறுப்பு அங்கியோடு என் பக்கத்திலேயே நின்றார். நான் சரி என்று சொல்கிறவரை நின்றார்.

கோவை மத்திய சிறை என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்கு வ.உ.சி. இழுத்த செக்கு ஞாபகம் வரும். எனக்கு இப்போது ஞாபகம் வருவது வாசலில் காத்திருக்கிற பெண்கள். கைக்குழந்தையோடு, டிபன் பையோடு, உள்ளே இருக்கிற மகனையோ புருஷனையோ பார்க்க விடியற்காலை பஸ் ஏறி வந்தவர்கள். பெயர், உறவுமுறை, முகவரி எழுதிக் கொடுக்கிறேன். ஆதார் நகல் எடுக்கக் கடையைக் காட்டுகிறேன். வக்கீல் சொன்ன தேதியைச் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன். ஊழியம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும், அவ்வளவு சின்ன வேலை. ஆனால் ஒரு வியாழக்கிழமை ஓர் அம்மா, என் பையன் திருடிட்டானுங்க, அவனுக்கு இனிமே என்னங்க இருக்குது என்று கேட்டபோது, மற்ற யாரையும்விட எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நானும் எடுத்தவன்தானுங்க அம்மா என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு அந்த அம்மாவோடு அரை மணி நேரம் பேசினேன். திரும்பிய பிறகு சகோதரர்களைத் திடப்படுத்து என்று பேதுருவிடம் சொன்னது எதற்காக என்று எனக்கு அந்த அரை மணி நேரத்தில் விளங்கியது.

உங்களுக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் விட்டுவந்த அதே வேலையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். திருப்பிக் கொடுக்க வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் இந்த வாரமே தொடங்குங்கள், பாதியாவது கொடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய வீடு இருந்தால் போங்கள். கதவு திறக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அதன் பிறகு கோயிலுக்குள் வாருங்கள். திருவிருந்துக்கு அழைக்கும்போது எழுந்து வெளியே போகாதீர்கள். அந்தப் பந்தியில் முதன்முதலாக உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் அன்றைக்கு ராத்திரிக்குள் இயேசுவைக் காட்டிக்கொடுக்கவோ விட்டுவிட்டு ஓடவோ போகிறவர்கள்தான்.

உள்ளே வர இன்னும் கால் எழவில்லை என்றால், வியாழக்கிழமை காலை 8 மணிக்குச் சிறைவாசலுக்கு வாருங்கள். இரண்டு பேனா கொண்டு வாருங்கள். ஆட்கள் அதிகம், என் ஒரு கை போதவில்லை.

உங்களில் ஒருவன்,
கணபதி, கோயம்புத்தூர்